அசையாத சரக்கு

எங்கே தப்பாகச் சொல்லி வீட்டுக்காரரைக் கெட்டவராக்கிவிடுவோமோ என்று அவளுக்குப் பயம். அதனால் அக்காவுக்குப் போன் போட்டு மூன்று முறை இந்த ஸ்டிக்கர் கதையைச் சொல்ல ஆரம்பித்தாள். மூன்று முறையும் "அவர் நல்லவர்தான்க்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

நல்லவர்தான். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஸ்டோர் கீப்பர், அவ்வளவுதான் கோளாறு. முப்பத்தொரு வருஷம் இரும்புச் சாமான் கிடங்கைக் கட்டி ஆண்ட மனிதருக்கு, இனி ஆள்வதற்கு ஒரு சமையலறைதான் மிச்சம். இரண்டாம் வாரம் அவர் அலமாரியைத் திறந்தார். மேல்தட்டிலிருந்து வடிதட்டு அவர் தலையில் விழுந்தது. அன்றே சட்டம் பிறந்தது.

ஒவ்வொரு பாத்திரத்திலும் அவர் கையெழுத்துப் போட்ட ஸ்டிக்கர் ஒன்று. பாத்திரத்தைப் பயன்படுத்தினால் பிய்த்துவிடலாம். முப்பதாம் நாளும் ஸ்டிக்கரோடு இருந்தால் அது அசையாத சரக்கு. சாக்கில் போட்டு யாருக்காவது கொடுத்துவிடுவார். காலியாகும் இடத்தில், அவர் ஆசையாக வாங்கி வந்த ஐந்து நான்ஸ்டிக் பாத்திரங்கள் ராஜா மாதிரி உட்காரும். அவற்றுக்கும் ஸ்டிக்கர் ஒட்டினார். சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதானாம்.

அவளுக்குக் கவலையெல்லாம் பழைய கேக் டின்னை நினைத்துத்தான். மூன்று வயதில் மகள் மாடிப்படியில் உருட்டிவிட்டு, ஒரு பக்கம் நசுங்கிப்போன டின். அதில் செய்த எந்தக் கேக்கும் ஒரு பக்கம் குழியோடுதான் வெளியே வரும். குழித் துண்டு மகளுக்கு. வேலைக்காக வெளியூர் போன பிறகும், பிறந்தநாளுக்கு வந்தால் அந்தப் பெண்ணின் கை முதலில் அங்கேதான் போகும்.

பிறந்தநாளுக்கு இன்னும் நான்கு மாதம் இருந்தது. நடுவில் ஒரு கேக் செய்து தப்பித்துவிடலாம். ஆனால் டாக்டர் இவருக்குச் சர்க்கரையை நிறுத்தியிருந்தார். அவர் மூக்குக்கு வாசனையை மட்டும் காட்ட அவளுக்கு மனசு வரவில்லை. டின் வேண்டும் என்று கேட்டால், நசுங்காத புது டின்னை வாங்கி வந்து நிற்பார். ஸ்டிக்கரைச் சும்மா பிய்க்கவும் வழியில்லை; பொய் சொன்னால் அவளுக்குக் காது சிவந்துவிடும்.

இரண்டு நாள் யோசித்துவிட்டு, தேநீர் கொடுக்கும்போது மெல்லக் கேட்டாள்.

"ஏங்க, பயன்படுத்துறதுன்னா சமைச்சாத்தான் சேத்தியா?"

கிடங்கைப் பற்றிப் பேச ஆள் கிடைத்த சந்தோஷம் அவருக்கு. "எங்க கிடங்குல ஒரே டிரம்முல எண்ணெயும் வைப்போம், மணலும் வைப்போம். எதுக்கு உதவினாலும் உபயோகம்தான். கை படணும், அவ்வளவுதான்."

மறுநாளிலிருந்து தேநீர் அளவுக் குவளையில் வந்தது. ரொட்டி அச்சில் சோறு செங்கல் மாதிரி வந்தது. அவர் துவைத்த கைக்குட்டைகள் வடிதட்டில் காய்ந்தன. செய்தித்தாள் பறக்காமல் பூரிக்கட்டை படுத்துக்கொண்டது. அவர் முணுமுணுத்துப் பார்த்தார். ஆனால் சட்டப்படி குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

முப்பதாம் நாள் சாக்கோடு வந்தார். மேல்தட்டு, நடுத்தட்டு, அடித்தட்டு எல்லாம் குடைந்தார். ஒரு ஸ்டிக்கர் இல்லை. கடைசியில் அட்டைப்பெட்டியைத் திறந்தார். ஐந்து நான்ஸ்டிக் பாத்திரங்கள். ஐந்து கையெழுத்து.

"இதை ஏன் நீ தொடவே இல்ல?"

"எவர்சில்வர் கரண்டி படக்கூடாது, தீ கூடக்கூடாது, அழுத்தித் தேய்க்கக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க. கீறல் விழுந்துட்டா என்ன பண்றதுன்னு பயமா இருந்துச்சுங்க."

காது சிவக்கவில்லை. அத்தனையும் நிஜம்.

அவர் விடவில்லை. கேக்கே செய்யவில்லையே, அந்த நசுங்கின டின் எங்கே என்றார். அவள் அவருடைய கட்டிலருகே இருந்த மேஜையைக் காட்டினாள். டின் நிறைய அவருடைய சர்க்கரை மாத்திரைகள். ஒரு மாதமாகக் காலையும் மாலையும் அதற்குள் கைவிட்டு எடுத்தவர் அவர்தான்.

டின்னைக் கையில் எடுத்தார். நசுங்கிய இடத்தில் கட்டைவிரல் தானாகப் போய்ப் பொருந்தியது.

"பாப்பா படியில உருட்டினது" என்றார்.

அவருக்கு அது ஞாபகம் இருக்கும் என்று அவள் நினைக்கவே இல்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதுமோ, ஒரு மாதம் செங்கல் சோறு போட்டுவிட்டோமே என்று இருந்தது.

இருந்தாலும் சட்டம் சட்டம்தான். ஐந்து பாத்திரங்களையும் சாக்கில் போட்டு, அவரே தோளில் சுமந்து தன் தங்கை வீட்டில் கொடுத்துவிட்டு வந்தார். வந்ததும் அவளுடைய துணி அலமாரியின் முன் நின்று, மேலும் கீழும் பார்த்தார்.

அவர் குளிக்கப் போனதும் அவள் மிச்சமிருந்த ஸ்டிக்கர் கட்டைத் தேடி எடுத்தாள். எல்லாவற்றிலும் அவர் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு வைத்திருந்தார். ஒன்றைப் பிரித்து, அந்தக் கட்டின் மேலேயே ஒட்டி, பரணில் பெட்டிக்குப் பின்னால் தள்ளிவிட்டாள். இன்னும் முப்பது நாள் அது அசையாமல் இருந்தால் போதும்.