ஏலக்காரன் கார் வாங்கப் போன கதை

விலையை ஏற்றுவது ஒரு வேலை. இறக்குவது முற்றிலும் வேறு வேலை. இரண்டையும் வாயால்தான் செய்கிறோம் என்பதற்காக ஒரே ஆள் இரண்டுக்கும் போதும் என்று நம்பிவிடக் கூடாது. நான் நம்பினேன். அந்த நம்பிக்கையை ஒரு கார் ஷோரூமில், ஏ.சி. காற்றில், நாலு பேர் பார்க்க இழந்தேன்.

முதலில் என் பெருமையைச் சொல்லிவிடுகிறேன் (பிறகு அதற்கு வாய்ப்பு வராது). மார்த்தாண்டம் பக்கத்தில் எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை ஏலம் விடுகிறவன் நான்தான். பண்டிகையன்று சபையார் தங்கள் வீட்டில் விளைந்ததைக் காணிக்கையாகக் கொண்டுவருவார்கள். சேனை, தேங்காய், சேவல், வாழைக்குலை என்று ஆலயத்தின் முன்னால் குவிந்துவிடும். ஆராதனை முடிந்ததும் ஒவ்வொன்றாக ஏலம் விட்டுப் பணத்தைச் சபைக் கணக்கில் சேர்ப்போம். பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர் என்பதால் எனக்கு மைக் தேவையில்லை, இருந்தாலும் பிடித்துக்கொள்வேன். நான் விட்ட ஏலத்தில் ஒரு தேங்காய் ஒரு மூட்டைத் தேங்காயின் விலைக்குப் போயிருக்கிறது. எடுத்தவர் வருத்தப்பட முடியாது, ஏனென்றால் பணம் ஆண்டவருக்கு. பின்வாங்கினால் நான் பேரைச் சொல்லி மைக்கில் கேட்பேன் என்பது இன்னொரு காரணம்.

என் மனைவி ஷீபா குவைத்தில் நர்ஸாக இருந்துவிட்டு ஊரோடு வந்து, குலசேகரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தாள். ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே வளைந்து போகும் ரோட்டில் பஸ்ஸில் நின்றுகொண்டே போய், நின்றுகொண்டே வேலை பார்த்து, நின்றுகொண்டே திரும்பி வருவாள். ஒரு சாயங்காலம் செருப்பைக் கழற்றி மூலையில் எறிந்துவிட்டு, "நான் கார் வாங்கப் போறேன்" என்றாள். லோன் கிடையாது. முழுப் பணமும் அவளுடைய குவைத் சேமிப்பு. ஆனால் ஷோரூமில் சொல்லும் விலையிலிருந்து நாற்பதாயிரமாவது குறைய வேண்டும். அது எங்கள் மகள் ஜெனியின் ஹாஸ்டலுக்குக் கட்ட வேண்டிய பணம்.

"அது குறையாட்டா காரே வேண்டாம். நான் பஸ்ஸுலயே தொங்கிட்டுப் போறேன்" என்று தீர்த்துச் சொன்னாள்.

"குறையும். நீ ஒண்ணும் பேசப்பிடாது. விலை பேச நான் இருக்கேன்லா?"

"நீங்க ஏத்தத்தானே செய்விய? இது இறக்கணும்."

"ஏறத் தெரிஞ்சவனுக்கு இறங்கத் தெரியாதா பிள்ளே?"

ஜெனி ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். ஷீபா கண்ணாலேயே அடக்கிவிட்டு, "செரி, பேசுங்க. நாற்பது. மறக்கப்பிடாது" என்றாள்.

மறப்பதாவது! நாகர்கோவில் போகும் பஸ் முழுக்க "நாற்பது, நாற்பது" என்று முணுமுணுத்துக்கொண்டே போனேன். பக்கத்தில் இருந்தவர் என் வயதைச் சொல்கிறேன் என்று நினைத்திருக்கலாம். (நினைத்திருக்க மாட்டார், தலைமுடி காட்டிக்கொடுத்துவிடும்.) ஏலத்தன்று போடும் வெள்ளைச் சட்டையைத்தான் போட்டிருந்தேன். நாற்பதுக்கு ஒரு ரூபாய் குறைந்தாலும் எழுந்து வந்துவிடுவது என்று உறுதி செய்திருந்தேன்.

ஷோரூமில் அஜிதா என்ற பெண் எங்களுக்கு ஜூஸ் கொடுத்து, நாங்கள் கேட்ட மாடலை விளக்கினாள். வெள்ளை நிறம் வர மூன்று வாரம் ஆகும் என்றாள். நான் என் முதல் சீட்டை இறக்கினேன்.

"லோன் ஒண்ணும் வேண்டாம். மொத்தமும் ரெடி பைசா."

ஷோரூமே எழுந்து நிற்கும் என்று எதிர்பார்த்தேன். அந்தப் பெண்ணின் முகத்தில் இருந்த சிரிப்பும் உட்கார்ந்துவிட்டது. லோன் போட்டுக் கொடுத்தால் அவர்களுக்கும் கமிஷன் உண்டு என்ற விவரம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. முழுப் பணத்தோடு போனவன், வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுக் கல்யாணப் பந்தியில் வந்து உட்கார்ந்தவன் மாதிரி. அது தெரியாமல், "ஒரு லட்சம் குறைக்கணும்" என்று கம்பீரமாக ஆரம்பித்தேன். அவள் மேனேஜரைக் கூப்பிடப் போனாள்.

வந்தவர் என்னைப் பார்த்ததும் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

"சாருக்கு என்னைய நெனவு உண்டா? கிறிஸ்துதாஸ். மட்டிக்குலை."

நினைவு வந்தது. போன பண்டிகைக்குத் தன் மச்சான் வீட்டுக்கு விருந்தாளியாக வந்து, ஆலயத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தவர். நான்தான் மைக்கில், "கார் விக்கிற மேனேஜர் நம்ம சபைக்கு வந்திருக்காரு, ஒரு மட்டிக்குலை எடுக்க மனசில்லையா?" என்று கேட்டு அவரை எழுப்பினேன். விலை ஏற ஏற அவர் பின்வாங்கப் பார்த்தார். நான் விடவில்லை. கடைசியில் அந்த மட்டி வாழைக்குலைக்குக் கார் டயரின் விலையைக் கொடுத்து, அதைத் தோளில் சுமந்துகொண்டு போனார்.

"பழம் இனிப்பா இருந்துதா?" என்று கேட்டேன் (வேறு என்ன கேட்பது?).

"பாதி காய் சார்" என்றார்.

இது போதாது என்று, வண்டி சர்வீசுக்கு விட்டுவிட்டுப் பக்கத்து சோபாவில் காத்திருந்தவர் எங்கள் சபைச் செயலர். "பேசும் ஓய், பேசும். நானும் கேக்கட்டு" என்று காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார். ஷீபா எழுந்துபோய்க் கண்ணாடிச் சுவர் வழியாக வெளியே நிற்கும் வண்டிகளைப் பார்க்க ஆரம்பித்தாள். என் வீரத்தைப் பார்க்காமல் போகிறாளே என்று வருத்தமாக இருந்தது.

"சார் வந்திருக்கிய. அதுக்காக அஞ்சாயிரம் குறைச்சுத் தாறேன்" என்றார் மேனேஜர்.

"நாற்பது."

"அஞ்சு சார்."

"நாற்பதுக்கு ஒரு ரூபா குறைஞ்சாலும் எழும்பிப் போயிருவேன்."

"ஜூஸைக் குடிச்சிட்டுப் போங்க சார். அஞ்சு."

என் உறுதி அப்படியே இருந்தது. கையிலிருந்த சரக்குதான் தீர்ந்துவிட்டது. ஏலத்தில் கேட்பவர் ஒரே இடத்தில் நின்றுவிட்டால், அவரை அசைக்க என்னிடம் உள்ளது ஒரே ஆயுதம்தான். தரம் எண்ணுவது. பொருள் கைவிட்டுப் போய்விடும் என்ற பயத்தில் ஆள் அசைந்து கொடுப்பார். அதையே இங்கும் எடுத்தேன். எழுந்து நின்று கையை உயர்த்தினேன்.

"அஞ்சாயிரம்! இதுக்கு மேல உண்டா? அஞ்சாயிரம், ஒரு தரம்!"

ஷோரூம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டார்.

"அஞ்சாயிரம், ரெண்டு தரம்!"

அவர் அசையவில்லை. புத்தியுள்ளவன் இந்த இடத்தில் நிறுத்தியிருப்பான். ஆனால் இத்தனை வருடப் பழக்கத்தில், "ரெண்டு தரம்" சொன்ன பிறகு என் வாய் என்னிடம் அனுமதி கேட்பதில்லை.

"மூணு தரம்!" என்று கத்தி மேஜையில் ஓங்கி அடித்தேன். ஜூஸ் கிளாஸ் துள்ளிக் கவிழ்ந்தது.

மேனேஜர் எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ஏலம் முடிஞ்சு சார். அஞ்சாயிரம்." யாரோ கைதட்டினார்கள்.

"அது... நான் சும்மா ஒரு பேச்சுக்கு..."

"சார்தானே அன்னைக்கு மைக்குல சொன்னிய? மூணு தரம் சொன்னா சொன்னதுதான், ஆண்டவர் கேட்டுட்டு இருக்காருன்னு?"

உதவிக்குச் செயலரைப் பார்த்தேன். "சொன்னது நீருதானே ஓய்" என்று கையை விரித்தார். என் வாயாலேயே மகளின் ஹாஸ்டல் பணத்தை ஏலத்தில் விட்டுவிட்டேன். ஷீபாவைத் திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. அவள் அதற்குள் மேஜைக்கு வந்திருந்தாள். கவிழ்ந்த கிளாஸை நிமிர்த்தி வைத்தாள்.

"செயலர் அண்ணே, ஒரு சந்தேகம். நம்ம சபையில சாமானைத் தூக்கிக் காட்டாம ஏலம் விடுவாவளா?"

"அது எப்படி விடுவாவ? எல்லாரும் பாக்க முன்னால வைக்கணும்."

"இவரு வெள்ளைக் காரை ஏலம் விட்டாரு. வெள்ளைக் கார் இஞ்ச எங்க நிக்குது? வர மூணு வாரம் ஆவும்னு இந்தப் பிள்ளை சொன்னா."

செயலர் மேனேஜரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சாமான் இல்லாத ஏலம் செல்லாது" என்று தீர்ப்புச் சொன்னார்.

மேனேஜர் சிரித்துவிட்டார். ஷீபா சிரிக்கவில்லை.

"எனக்கு வெள்ளை வேண்டாம். வெளிய மரத்துக்கடியில பாக்கு நிறத்துல ஒண்ணு நிக்கே, அதே மாடல்தானே? கண்ணாடியில சருகு அடைஞ்சு கிடக்கு. எத்தனை மாசமா நிக்குது?"

மேனேஜரின் சிரிப்பு நின்றது. "அது... கொஞ்ச நாளா..."

"அந்த நிறத்தை யாரும் எடுக்க மாட்டாவ. நான் எடுக்கேன். பைசா இன்னைக்கே தாறேன். நாற்பது குறையுங்க."

அவ்வளவுதான் பேசினாள். மேனேஜர் இருபது என்றார், அவள் பையைத் தோளில் மாட்டினாள். முப்பது என்றார், அவள் ஜெனிக்குப் போன் செய்து "சோறு வடிச்சு வை, பஸ்ஸுல வந்திருவோம்" என்றாள். அவர் உள்ளே போய் யாரிடமோ பேசிவிட்டு வந்து, "நாற்பது. செரி அக்கா" என்றார்.

நான் மூச்சு விட்டேன். ஷீபா விடவில்லை.

"அது நான் பேசினது. இவரு ஏலத்துல ஜெயிச்ச அஞ்சாயிரம் எங்க?"

"அந்த ஏலம் செல்லாதுன்னு நீங்கதானே அக்கா..."

"வெள்ளைக்குத்தான் செல்லாது. இந்தக் கார் கண்ணு முன்னால நிக்குதே? வேணும்னா இவரை இன்னொரு தரம் எண்ணச் சொல்லட்டா?"

மேனேஜர் என்னையும் மேஜையையும் பார்த்தார். அந்த ஐந்தாயிரமும் குறைந்தது.

இன்று ஷீபா அந்தப் பாக்கு நிறக் காரைத் தானே ஓட்டிக்கொண்டு குலசேகரம் போகிறாள், உட்கார்ந்துகொண்டு. ஜெனி ஹாஸ்டலில் இருக்கிறாள். அந்த ஐந்தாயிரம் என் சம்பாத்தியம் என்று வீட்டில் அவ்வப்போது சொல்லிப் பார்க்கிறேன். யாரும் காதில் வாங்குவதில்லை.

லீவில் ஜெனி வந்தால் மூவரும் மணவாளக்குறிச்சிக்கு மீன் வாங்கப் போவோம். ஷீபா இறங்கிப் போய்ப் பேரம் பேசுவாள். மீன்கார அம்மா விலையைச் சொன்னதும், பின் சீட்டிலிருந்து ஜெனி என் காதருகே வந்து மெல்ல, "ஒரு தரம்..." என்பாள். ஷீபா திரும்பிக்கூடப் பார்க்காமல், பேசப்பிடாது என்று கையை மட்டும் காட்டுவாள். நான் கார் கண்ணாடியை மேலே ஏற்றிவிட்டு, மீன் வந்து சேரும்வரை வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.