நாற்பத்தொன்றின் நிறம்

நாற்பத்தொன்று யார் என்று தெரியாமல் கலவைக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

எல்லாம் ஒரு பேனாவைத் தேடப் போய் வந்த வினை. மனைவியின் கைப்பையில் பேனா இல்லை. பச்சை அட்டை போட்ட ஒரு நோட்டு இருந்தது. அவள் தோல் ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சிப் பிரிவில் வேலை பார்க்கிறாள். அங்கே வருகிறவர்களின் தோல் என்ன நிறம் என்று பார்த்து எழுதுவதுதான் அவள் வேலை. பழகிக்கொள்வதற்காக இந்த நோட்டில் தனக்கென்று ஒரு பிரதி எழுதி வைத்திருந்தாள்.

நிறம் என்றால் கலவைக்கும் சும்மா இருக்க முடியாது. பெயிண்ட் கடையில் நிறம் கலப்பதுதான் அவன் பிழைப்பு. அதனால்தான் கடையிலும் தெருவிலும் அவனுக்குப் பெயரே 'கலவை' என்று ஆகிப்போனது. பழைய ஜன்னலிலிருந்து ஒரு சில்லைப் பெயர்த்துக் கொண்டுவந்து நீட்டினால் போதும். ஒரு தரம் பார்ப்பான், டப்பாவைத் திறப்பான், சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கி அதே நிறத்தைக் கையில் கொடுப்பான். சில்லுகூட இல்லாமல், எதற்கென்றும் சொல்லாமல், வெறும் சீட்டில் ஒரு நிறத்தின் எண்ணை எழுதி அனுப்பியவர்களுக்கும் கலந்து கொடுத்திருக்கிறான். "என் கை ஒரு நிறத்தை மறந்ததா சரித்திரமே கிடையாது" என்று வாரத்துக்கு மூன்று முறையாவது சொல்லிக்கொள்வான்.

நோட்டைப் புரட்டினான்.

'எண் 12. மேல்கை, உட்புறம். வெளிர் பழுப்பு. வயது 34. இனம், அவரே சொன்னது: அப்பா கடல் தாண்டி வந்தவர், அம்மா இந்த ஊர், ரெண்டையும் எழுதுங்க.'

'எண் 27. மேல்கை, உட்புறம். கறுப்பு, நீலச் சாயல். வயது 60. இனம்: சொல்ல விருப்பமில்லை.'

அடுத்து வந்தது அந்தப் படுபாவி எண்.

'எண் 41. நடுத்தரப் பழுப்பு, மஞ்சள் சாயல், சிவப்பு மிக லேசாக. ஒரு மச்சமில்லை, ஒரு தழும்பில்லை. நேற்றுப் போலவே இன்றும்.'

அவ்வளவுதான். வயது இல்லை. இனம் இல்லை. கலவை அடுத்த பக்கத்தைத் திருப்பினான். அங்கேயும் முதல் வரி நாற்பத்தொன்று. அதற்கடுத்த பக்கத்திலும் அப்படியே. ஒவ்வொரு நாளும் காலையில் முதலில் நாற்பத்தொன்றைப் பார்த்துவிட்டுத்தான் மற்றவர்களைப் பார்த்திருக்கிறாள்.

அவன் மனசு வேகமாகக் கணக்குப் போட்டது. வயது ஏன் எழுதவில்லை? ஏற்கெனவே தெரியும். இனம் ஏன் கேட்கவில்லை? கேட்க வேண்டிய நிலையைத் தாண்டிவிட்டார்கள். மற்றவர்களுக்கெல்லாம் மேல்கை என்று இடம் இருக்கிறதே, இவனுக்கு ஏன் இல்லை? எழுதக் கூச்சம்! அதெல்லாம்கூடப் போகட்டும். உடம்பில் ஒரு மச்சம்கூட இல்லை என்று இவளுக்கு எப்படித் தெரியும்?

சாப்பிடும்போது பேச்சை மெல்ல அந்தப் பக்கம் நகர்த்தினான்.

"ஆஸ்பத்திரியில எத்தனை பேரைப் பாக்கறே?"

"நிறைய."

"எல்லாரும் ஒரே மாதிரிதானா, இல்ல யாராவது விசேஷமா…"

"விசேஷம்னெல்லாம் எழுதக்கூடாதுங்க. முன்னாடி இருந்தவர் மூஞ்சியையும் பேரையும் பாத்தே இனத்தை எழுதிடுவாராம். நிறத்துக்குச் 'சுமார்'னு எழுதுவாராம். டாக்டரம்மா அத்தனையையும் தூக்கிப் போட்டுட்டாங்க. இனம் வேற, நிறம் வேற. இனத்தை அவங்கவங்க வாயால கேட்டு எழுதணும், நிறத்தை நம்ம கண்ணால பாத்து எழுதணும். கோதுமை, தேனுன்னு சாப்பாட்டுப் பேரும் கூடாது."

"சரி, இந்த நாப்பத்தொண்ணு…"

அவள் கை தட்டிலேயே நின்றது. "நோட்டைப் பாத்தீங்களா?"

"பேனா தேடினேன்."

"எண்ணைப் பத்தி வெளியில பேசமாட்டேன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன். கேக்காதீங்க."

சொல்லும்போது அவள் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு ஓடி மறைந்தது. அதைப் பார்த்ததும் கலவை தட்டை ஒதுக்கி வைத்தான்.

"எனக்கு என்ன நிறம்? அதையாவது சொல்லு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "எந்த இடத்துல கேக்கறீங்க? காதுல பச்சை, மூக்கு நுனியில வெள்ளை, புருவத்துல வார்னிஷ். போய்க் கழுவிட்டு வாங்க, சொல்றேன்."

கல்யாணமாகி ஏழு வருஷம். அவன் நிறத்தைப் பற்றி அவள் ஒரு வரி எழுதியதில்லை. எவனோ ஒருவனுக்கு மஞ்சள் சாயலாம், சிவப்பு லேசாம்!

மறுநாள் கடையில் முதலாளி வருவதற்கு முன்பே கலவை டப்பாக்களைத் திறந்தான். மனைவி எழுதிய வரி அவனுக்கு மனப்பாடம். பழுப்பில் மஞ்சளை விட்டான். சிவப்பை ஊசி முனையளவு விட்டான். கை தானாக ஓடியது. மூன்றாவது கலக்கலிலேயே நிறம் வந்து உட்கார்ந்துவிட்டது. ஒரு மரச்சில்லில் தடவிக் காயவைத்துப் பார்த்தான்.

எங்கேயோ பார்த்த நிறம்!

அப்படியானால் ஆள் தெரிந்தவன்தான். இந்தத் தெருவிலேயேகூட இருப்பான்.

சில்லைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு முதலில் சலூனுக்குப் போனான். சவரக்காரர் கையைத் தூக்கிக் கத்தியைத் தீட்டும்போது, மேல்கையின் உட்புறத்தில் சில்லை வைத்துப் பார்த்தான். அச்சு அசலாக ஒட்டியது.

"நீங்க எந்த இனம்?" என்றான் கலவை.

சவரக்காரர் கத்தியைத் தீட்டுவதை நிறுத்தினார். "ஏன், சொன்னா வேற பக்கத்துலேர்ந்து சவரம் ஆரம்பிக்கணுமா?"

"தோல் ஆஸ்பத்திரிக்குப் போனதுண்டா?"

"எனக்குத் தோல்ல ஒண்ணுமில்ல. உங்களுக்குத்தான் மண்டைக்குள்ள ஏதோ ஆயிருக்கு. கழுத்தை ஆட்டாம உக்காருங்க."

பஸ்ஸில் கண்டக்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது சில்லை நீட்டினான். அவருக்கும் ஒட்டியது. பூர்வீகத்தைக் கேட்டால், அவர் மூன்று தலைமுறைக்கு முன்னால் மலையிலிருந்து இறங்கி வந்த குடும்பமாம். சவரக்காரரின் தாத்தாவோ கப்பலில் வந்தவராம், சவரம் முடிவதற்குள் அவரே சொல்லியிருந்தார். ஒருவருக்கொருவர் எந்த ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. தோல் மட்டும் ஒரே டப்பாவில் தோய்த்தது போல இருந்தது. சாயங்காலம் பக்கத்து வீட்டு அக்கா கொடியில் துணி காயப்போடக் கையைத் தூக்கினாள். அவளுக்கும் அதே நிறம்!

"என்னப்பா, என் கைக்குக் கிட்ட என்னத்தைக் காட்டறே?"

"சும்மா அக்கா. சுவத்துக்கு நிறம் பாக்கறேன்."

"என் கையைப் பாத்தா உன் வீட்டுச் சுவர் ஞாபகம் வருதா?" அக்கா துணியை உதறிய உதறலில் அவன் முகமெல்லாம் தண்ணீர். பத்து நிமிஷத்தில் தெரு முழுக்கச் செய்தி பரவிவிட்டது. கலவை ஆளாளுக்கு நிறம் பார்த்து இனம் கேட்கிறான், என்னமோ பட்டியல் எடுக்கிறான் என்று நாலு பேர் வாசலுக்கே வந்து விசாரித்துவிட்டுப் போனார்கள்.

இப்படித் தேடினால் ஆள் அகப்படமாட்டான் என்று அவனுக்குப் புரிந்தது. அவளையே மடக்க வேண்டும். அடுத்த விடுமுறை நாளில் அவள் கடைக்குப் போயிருந்த நேரம், ஒரு டப்பா நிறைய அந்த நிறத்தைக் கலந்து படுக்கையறைச் சுவர் முழுவதும் அடித்துவிட்டான். அவள் முகம் வெளுக்கிறதா இல்லையா பார்த்துவிடலாம்.

அவள் வந்தாள். வாசற்படியிலேயே நின்றாள். முகம் வெளுக்கவில்லை. விளக்குப் போட்டது போல மலர்ந்தது.

"அட, நாப்பத்தொண்ணு! அப்படியே இருக்கே!"

கலவை பிரஷ்ஷை டப்பாவுக்குள் குத்தினான்.

"எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?" அவள் வெட்கத்தோடு சுவரைத் தடவிக் கொடுத்தாள். "ஒருநாள் நானே சொல்லணும்னுதான் இருந்தேன். டாக்டரம்மாகூட, வீட்டுல சொல்லிடு, உன் வீட்டுக்காரர் சந்தோஷப்படுவார்னு சொன்னாங்க."

"சந்தோஷமா? நானா?"

"பின்ன? உங்களுக்குப் பெருமைதானே?"

கலவை பாயைச் சுருட்டிக்கொண்டு முன்னறைக்குப் போய்விட்டான். விடிந்ததும் சுவரில் அதன் மேலே ஒரு சாம்பல் நிறத்தை அடித்தான்.

"அதை ஏன் மறைச்சீங்க?" என்றாள் அவள்.

"எனக்குப் பிடிக்கல."

"உங்களுக்கே பிடிக்கலையா?" அவள் குரல் உடைந்தது. "எல்லாரும் எவ்வளவு நல்லா சொல்றாங்க தெரியுமா? சரி போங்க, உங்களுக்கு எதுதான் பிடிச்சிருக்கு."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள். நாற்பத்தொன்றைக் குறை சொன்னதற்கு இவ்வளவு கோபம்! கலவை கண்ணாடி முன் போய் நின்றான். காதில் பச்சை. மூக்கில் வெள்ளை. கழுத்தில் காலையில் அடித்த சாம்பல். இந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு, மச்சமில்லாத தழும்பில்லாத ஒருவனோடு எப்படிப் போட்டி போடுவது?

கடைக்குப் போனான். ஒரு கிண்ணத்தில் தின்னரை ஊற்றினான். பெயிண்ட்டைக் கரைக்கும் அந்தத் தின்னரில் துணியை நனைத்துக் கை, கழுத்து, முகம் எல்லாவற்றையும் தேய்த்தான். இரும்பு நாரால் இன்னொரு தரம் தேய்த்தான். மத்தியானத்துக்குள் பெயிண்ட் போனது. கூடவே தோலும் போகப் பார்த்தது. கை இரண்டும் தடித்து, நெருப்பில் போட்டது போல எரிந்தது.

முதலாளி பார்த்துவிட்டுப் பதறினார். "என்னய்யா இது, உன்னையே சுரண்டி பிரைமர் அடிக்கப் போறியா? ஓடு ஆஸ்பத்திரிக்கு!"

ஊரில் தோல் ஆஸ்பத்திரி என்று இருந்தது ஒன்றே ஒன்று.

வாசலில் சீட்டு எழுதும் இடத்தில் ஓர் ஆயா தூசி தட்டிக்கொண்டிருந்தாள். அவனை மேலும் கீழும் பார்த்தாள். "உங்களை எங்கேயோ பாத்திருக்கேனே சார்."

"எல்லாரும் அப்படித்தான் ஆரம்பிக்கறாங்க" என்று முனகிவிட்டு உள்ளே போனான்.

டாக்டரம்மா கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். பக்கத்தில் மனைவி. அவள் முகத்தில் காலைக் கோபம் போய்ப் பயம் வந்திருந்தது. கண் கலங்கியிருந்தாலும் கையில் நோட்டு இருந்தது.

"எழுதிக்கோம்மா" என்றார் டாக்டரம்மா. "சிவந்திருக்குன்னு எழுதாதே. புத்தகத்துல வெளுத்த தோலை மட்டும் படம் பிடிச்சுப் போட்டுட்டு, சிவந்தாத்தான் எரிச்சல்னு படிச்சுப் படிச்சே நிறையப் பேரைக் கோட்டை விட்டிருக்கோம். இவர் தோல்ல சிவப்பு தெரியுதா பாரு."

அவள் குனிந்து பார்த்தாள். ஏழு வருஷத்தில் இவ்வளவு பக்கத்தில், இவ்வளவு நேரம் அவள் அவனைப் பார்த்ததே இல்லை. கலவை மூச்சை அடக்கிக்கொண்டான்.

"இல்ல டாக்டர். தடிச்ச இடம் கத்தரிப்பூ நிறம். ஓரத்துல சாம்பல்."

"இனம்?"

மனைவி அவனைப் பார்த்தாள். "சொல்லுங்க."

"ஏன், உனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சாலும் கேட்டுத்தான் எழுதணும்."

"பொண்டாட்டியால கைவிடப்பட்ட இனம்."

அவள் பேனா நின்றது. டாக்டரம்மா தலையைத் தூக்காமல், "அப்படியே எழுதும்மா. அவர் சொன்னதை மாத்த நமக்கு உரிமை இல்ல" என்றார்.

அவள் எழுதினாள். பிறகு கலவையின் மற்றொரு கையைத் தூக்கி, எரிச்சல் படாத உட்புறத்தைப் பார்த்தாள். ஏதோ எழுதப் போனவள் சட்டென்று எழுந்துகொண்டாள்.

"ஒரு நிமிஷம் இருங்க. உங்க அசல் நிறத்தை எழுதறதுக்கு முன்னாடி, உள்ள போய் நாப்பத்தொண்ணை இன்னொரு தரம் பாத்துட்டு வந்துடறேன்."

அறையின் மூலையில் கனமான கறுப்புத் திரை ஒன்று தொங்கியது. அவள் அதை நோக்கி நடந்தாள்.

அதற்கு மேல் கலவையால் பொறுக்க முடியவில்லை. புருஷன் தோல் உரிந்து உட்கார்ந்திருக்கிறான், இப்போதும் அவனைத்தான் பார்க்கப் போகிறாள்!

"வாடா வெளியில!" என்று கத்திக்கொண்டு பாய்ந்தான். தடித்த கையால் திரையைப் பிடித்து இழுத்தான். வளையங்கள் சடசடவென்று கழன்று விழுந்தன.

உள்ளே ஒரு மேசை. மேசைமேல் ஒரு வெள்ளை விளக்கு. விளக்கின் கீழே உள்ளங்கை அகலத்தில் ஒரு பலகை. வேறு யாரும் இல்லை.

"எங்க அவன்? நாப்பத்தொண்ணு எங்க?"

சத்தம் கேட்டு ஓடிவந்த ஆயா, கையில் தூசித் துணியோடு அவனையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் முகம் தெளிந்தது.

"இப்பத்தான் ஞாபகம் வருது சார்! இங்க ஆளுங்க நாப்பது பேர்தான், நாப்பத்தொண்ணு இந்தப் பலகை. கண்ணும் விளக்கும் நேத்து மாதிரியே இருக்கான்னு தினமும் சரிபாக்க ஒரு மாறாத நிறம் வேணும்னாங்க, 'எங்க வீட்டுக்காரர் கலந்தாத்தான் பிசகாது'ன்னு இந்தம்மா ஒத்தைக்கால்ல நின்னாங்க, ஆறு மாசத்துக்கு முன்னாடி சீட்டை எடுத்துட்டு வந்து உங்க கையாலேயே அந்தப் பெயிண்ட்டை வாங்கிட்டுப் போனதே நான்தானே!"