எங்கடையார் ஆற்றங்கரை ஏகிய வரலாறு

வாசகப் பெருமக்களே, ரொறன்ரோ மாநகரின் கீழ்ப்பால் ஸ்காபரோ என்னும் பகுதியில், அடுக்குமாடிகளுக்கும் கோயில்களுக்கும் அரிசிக் கடைகளுக்கும் இடையே, ஓர் அரிய மானிட இனம் செழித்து வளர்ந்து வருகின்றது. அரிய இனம் என்றேன்; தவறு. மூவர் கூடும் இடத்தில் ஒருவராவது அவ்வினத்தவர். உலகில் எதைக் காட்டினாலும் "உது எங்கடை", அதாவது இது நம்முடையது, என்று சொல்லி முடித்தாலன்றி அவர்களுக்கு உண்ட சோறு செரியாது. ஆதலின் அவ்வினத்தவருக்கு எங்கடையார் என்று பெயரிடுகின்றேன்.

அவர்களை அடையாளம் காண்பது எளிது. அஜின்கோர்ட்டில் ஒரு சீன உணவகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். நூடில்ஸ் தட்டு மேசைக்கு வந்து ஆவி அடங்குமுன், இது அவிழ்த்துவிட்ட இடியப்பம் என்பார். மேப்பிள் மரத்துச் சாற்றைக் காய்ச்சிய பாணியை நாவில் வைத்தால் பனம்பாணி என்பார். பனிக்கட்டிமேல் சறுக்கிச் சறுக்கி ஒருவரையொருவர் மறிக்கும் ஹொக்கியைத் தொலைக்காட்சியில் கண்டால், தடியைப் பறித்துவிட்டுப் பாருங்கள், கிளித்தட்டு விளையாட்டுத்தானே என்பார். இத்தாலியரும் கிரேக்கரும் கொரியரும், இன்னும் நாம் பெயரறியாத எத்தனையோ நாட்டவரும், தத்தம் முன்னோர் தேடித் தந்தவை என்று நம்பிப் போற்றுவனவெல்லாம் அவர் கருத்தில் நம்மிடம் இரவல் பெற்றுத் திருப்பித் தர மறந்தவை. திருப்பிக் கேட்பாரா? கேட்கமாட்டார். அவ்வளவு பெருந்தன்மை.

இவ்வினத்தின் தலைமகன் என் அயலவர், மல்வேர்ன் விநாயகமூர்த்தியார். கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பதிகங்கள் பல மனனம், ஐந்திணையும் அத்துபடி. இவற்றில் நான் குறை காணேன். அவருடைய மகள் கஜனி கால்நடை மருத்துவர். நமீபியா நாட்டின் வடமேற்கு எல்லையில், குனேனே என்னும் ஆற்றின் கரையில், ஹிம்பா மக்களின் மாடுகளுக்கு மருத்துவம் பார்க்கச் சென்று மூன்று ஆண்டுகளாகப் போகின்றன. மகளைப் பார்க்கவென்று விநாயகமூர்த்தியாரும் மனைவி ஜெயமலர் அம்மையாரும் சென்ற கோடையில் அங்கே போனார்கள். நான் உரைக்கப்போவது அம்மையார் சொன்ன வரலாறு. ஐயா சொல்லும் வரலாறு வேறு. அதற்குப் பின்னர் வருவேன்.

ஆற்றங்கரையில், மரத்தட்டுகளின்மேல் நிறுத்திய கூடாரங்களாலான சிறியதொரு முகாமில் அவர்கள் தங்கினார்கள். அக்கரை அங்கோலா. அருகிலுள்ள கடைக்குப் போக ஒரு பகல் முழுதும் வண்டியோட வேண்டும். கைப்பேசிக்கு உயிரில்லை. செங்கல் நிறத்து மலைகள் மாலை வெயிலில் கனன்று கிடக்க, அவற்றினூடே ஆறு மட்டும் தன்பாட்டில் பச்சையாக ஓடிக்கொண்டிருக்க, வேறொருவர் என்றால் வாயடைத்து நின்றிருப்பார். நம்மவர் திணை பிரிக்கத் தொடங்கினார். பாலைக்குள் மருதம் என்றார். கரையோரத்து விசிறிப் பனைகளைக் கண்டு, "உது எங்கட பனையின்ர சித்தப்பன்" என்றார். காலையில் சோளமாக் கஞ்சி வந்தது; கூழ் என்றார். துவாயை இடுப்பிற் கட்டிக்கொண்டு ஆற்றில் இறங்கப் போனவரை முகாம் நடத்தும் பெண்மணி ஓடி வந்து மறித்து, முதலை உண்டு என்று எச்சரித்தார்.

"முதலையோ? பாட்டுக் கேட்டுப் பிள்ளையைத் திருப்பித் தந்த முதலையெல்லோ, உது எங்கட பதிகத்திலேயே வந்திட்டுது."

"பதிகத்தில வந்தது சரி," என்றார் ஜெயமலர். "இஞ்ச காலைப் பிடிச்சா ஆர் நிண்டு பாடுறது? மேல வாங்கோ."

அன்று மாலை கஜனி தந்தையை எதிரே இருத்தினாள். "அப்பா, வடிவாக் கேளுங்கோ. நாளைக்கு நாங்கள் போற கிராமத்துத் தலைவர்தான் முதன்முதலா தன்ர மாடுகளுக்கு ஊசி போட ஓம் எண்டவர். ரெண்டு வருசமா அவரின்ர முற்றத்தில இருந்து இருந்து எடுத்த ஓம். அவர் போட்டா மற்றாக்களும் போடுவினம். அவர் மாட்டன் எண்டா என்ர புரொஜெக்ற் முடிஞ்சுது. நீங்கள் அங்க வந்து வாய் திறக்கப்படாது. ப்ராமிஸ் பண்ணுங்கோ."

"நான் ஏன் பிள்ளை கதைக்கிறன்? சும்மா பாத்துக்கொண்டு நிப்பன்."

"உவர் சும்மா பாத்துக்கொண்டு நிண்டது எங்கட கலியாணத்தில மட்டுந்தான்," என்றார் ஜெயமலர். "அதுவும் ஐயர் பேசினபடியால்."

மறுநாட் காலை கிராமத்தை அடைந்தார்கள். முள்வேலி வளையத்துள் மாட்டுப்பட்டி. சுற்றிவர மண்ணும் சாணமும் பூசிய வட்ட வீடுகள். தலைவரின் வீட்டுக்கு நேரே, சில கற்களுக்கும் விறகுகளுக்கும் நடுவே, மெல்லப் புகையும் ஒரு தீ. மொழிபெயர்ப்பதற்காக முகாமிலிருந்து வந்த வழிகாட்டி யொகானஸ் வாசலிலேயே ஆங்கிலத்தில் விளக்கினார்: அது முன்னோரோடு பேசும் புனிதத் தீ, அத்தீக்கும் தலைவர் வீட்டு வாசலுக்கும் இடையே கண்ணுக்குப் புலப்படாத கோடு ஒன்று உண்டு, புறத்தார் அதைக் கடத்தல் ஆகாது. விநாயகமூர்த்தியார் பணிவோடு தலையசைத்தார். 'புனிதத் தீ' என்பது காதில் விழுந்த பின்னர் வேறெதுவும் விழவில்லை என்பது பிறகே தெரிந்தது.

பாவம், எத்துணைச் சோதனை அவருக்கு. செம்மண்ணை வெண்ணெயிற் குழைத்து மேனியெங்கும் பூசிய பெண்கள் எதிரே வந்தார்கள், சந்தனம் என்று சொல்ல வாயெடுத்தார், கஜனி பார்த்தாள், மூடினார். கன்று ஒன்று அவர் கையை நக்கியது, மூடினார். ஒரு வீட்டுக்குப் பெண்கள் சாணமும் மண்ணும் அப்பிக்கொண்டிருந்தார்கள். கண்கள் பனிக்க மூடினார். சொல்லப்படாத எங்கடைகள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி அவர் நெஞ்சக்கூட்டை முட்டிக்கொண்டு நிற்கையில், அந்தத் தீ அவர் கண்ணிற் பட்டது. வாயைத் திறக்கலாகாது என்பதுதானே கட்டளை? காலைப்பற்றி ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லையே?

சப்பாத்தைக் கழற்றினார். தொப்பியைக் கழற்றினார். இரு கைகளையும் தலைமேற் குவித்துக்கொண்டு, தீயை வலம்வரப் புறப்பட்டார்.

முதற் சுற்று முடியவில்லை. அதற்குள் கோட்டைக் கடந்துவிட்டார்.

சாணம் பூசிய கைகள் அப்படியே நின்றன. தலைவர், மெலிந்து நெடிய முதியவர், தம் முக்காலியிலிருந்து எழுந்து தாழ்ந்த குரலில் யொகானஸிடம் ஏதோ சொன்னார். யொகானஸின் முகம் வாடிற்று. "இந்த விருந்தாளியை அழைத்து வந்தது யார் என்று கேட்கிறார். விருந்தாளி இப்படிச் செய்தால், அவரை அழைத்து வந்தவருக்கும் இங்கே அலுவல் இல்லையாம்."

கஜனி மருந்துப் பெட்டியின் பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள். மகளின் அந்த முகத்தைக் கண்ட பிறகுதான் விநாயகமூர்த்தியாருக்கு நிலைமை விளங்கிற்று. விளங்கியபோது என்ன செய்தார்? மன்னிப்புக் கேட்டாரா? அவ்வினத்தார் ஆபத்தில் நாடும் புகலிடம் ஒன்றேயன்றோ? தம் ஆங்கிலத்தில் யொகானஸை அழைத்தார்; நம் தமிழில் அது இது:

"தம்பி, அவருக்குச் சொல்லும். நாங்கள் விருந்தாளியள் இல்லை. ஒரே ஆக்கள். நெருப்பைக் கும்பிடுறது எங்கடை, மாடு எங்கடை, உந்தச் சாணம் மெழுகிறதும் எங்கடைதான். உறவு எண்டு சொல்லும்."

யொகானஸ் கஜனியைப் பார்த்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டு தலையசைத்தாள். அவர் மொழிபெயர்த்தார். தலைவர் கேட்டார். அவருடைய தமக்கையார், சாணக் கையோடு கிட்ட வந்து, அவரும் கேட்டார். பின்பு தலைவர் நேரே கஜனியை நோக்கி, இவர் சொல்வது மெய்தானா என்றார்.

பொய் சொன்னால் இரண்டு ஆண்டு நம்பிக்கை போகும். மெய் சொன்னால் மாடுகள் போகும். "அப்பா அதை மெய்யென்றுதான் நம்புகிறார்," என்றாள் கஜனி.

உடன்பிறந்தார் இருவரும் நெடுநேரம் ஆலோசித்தார்கள். இடையிடையே தமக்கையார் விநாயகமூர்த்தியாரின் வெறுங்காலையும் வழுக்கையையும், சந்தைக்கு வந்த எருதைப் பார்ப்பதுபோல், ஏற இறங்கப் பார்த்தார். ஈற்றில் தீர்ப்புப் பிறந்தது. விருந்தாளி கடந்தால் அவமதிப்பு. வீட்டுப் பிள்ளை கடந்தால் அறியாமை. அறியாத பிள்ளையை விரட்டுவதில்லை, திருத்தி எடுப்பதுதான் முறை. ஆகவே மாடுகளுக்கு நாளை ஊசி போடலாம்.

விநாயகமூர்த்தியார் முகம் மலர்ந்து மனைவியைத் திரும்பிப் பார்த்தார். யொகானஸ் தொண்டையைச் செருமினார். இன்னும் முடியவில்லையாம். விருந்தாளிக்கு நாற்காலி, வீட்டுப் பிள்ளைக்கு வேலை. சாணம் மெழுகுவது உங்களுடையது என்றீர்களே, அந்தச் சுவர் அரைகுறையாக நிற்கிறது.

மகாஜனங்களே, ஓர் உண்மையைச் சொல்கின்றேன். சாணம் மெழுகுவது எங்கடைதான், ஐயமில்லை. ஆனால் எங்கடையார் யாரும் மெழுகியதில்லை. தாயும் தமக்கையும் குனிந்து மெழுகிய நிலத்தில் காலை நீட்டி அமர்ந்து, அதன் தொன்மையை வியந்தவர்கள் அவர்கள்.

தலைவரின் தமக்கையார் விநாயகமூர்த்தியாருக்கு ஒரு வாளியைக் காட்டினார். இவர் மண்ணைச் சுமந்தார். தண்ணீர் சுமந்தார். இளஞ்சூட்டுச் சாணத்துள் முழங்கைவரை அமிழ்த்திக் குழைத்தார். அவர் அறைந்த முதல் உருண்டை சுவரிலிருந்து நழுவி அவருடைய பாதத்திலேயே விழுந்தது. பெண்கள் சிரித்தார்கள். தமக்கையார் சிரிக்கவில்லை, உருண்டையை எடுத்து மறுபடியும் அவர் கையில் வைத்தார்.

ஜெயமலர் அம்மையாரோ எந்த உரிமையும் கோரவில்லை. ஆதலால் மரநிழலில் நாற்காலி. கையிலே புளித்த பால்.

"இஞ்சாருங்கோ, இடப்பக்கம் ஒரு ஓட்டை தெரியுது," என்றார் அங்கிருந்தபடியே.

"நீ சும்மா இரு."

"நான் சும்மாதான் இருக்கிறன். விருந்தாளியல்லோ."

உச்சிவேளையில் விநாயகமூர்த்தியார் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மகளிடம் மெல்லச் சாய்ந்தார். "பிள்ளை, நாரி முறியுது. உவை எப்ப விடுவினம்?"

"அப்பா, நீங்கள் நிப்பாட்டினா மாடும் போயிடும். கொஞ்சம் பல்லைக் கடியுங்கோ."

பல்லைக் கடித்தார். இதை நான் மறைக்க மாட்டேன். பகைவனுக்கும் உரியதைக் கொடுக்க வேண்டும், அயலவனுக்குக் கொடுக்காதிருக்கலாமா? அன்று பொழுது சாயும்வரை குழைத்தார். மறுநாள், பட்டிக்குள் கஜனி ஒவ்வொரு மாடாக ஊசி ஏற்றிக்கொண்டிருக்க, ஒருவரும் கூப்பிடாமல் தாமாகவே வாளியை எடுத்தார். மகளின் பெட்டி வெறுமையாகும்வரை அச்சுவரை விட்டு அகலவில்லை.

இனி ஐயாவின் வரலாறு. ஊர் திரும்பிய பின்னர் ஸ்காபரோவில் ஒரு மண்டபத்தில், மேளம் தட்டாத குறையாக ஒரு சொற்பொழிவு நிகழ்த்தினார். திரையிலே ஆற்றின் படம், பனையின் படம், சுவருக்கு முன்னால் அவர் கைகட்டி நிற்கும் படம். "கண்டவுடனை உறவெண்டு ஏற்றுக்கொண்டினம். எங்களைப் போக விடேல்லை," என்றார். இரண்டும் மெய்யே. நமது தொன்மைக்கு வேறு சான்று வேண்டுமா? சபை கைதட்டிற்று.

முன்வரிசையில் இருந்த அருள்நாயகம் கேட்டார்: "அண்ணை, அப்ப அங்க நீங்கள் என்ன செய்தனீங்கள்?"

"சடங்கில பங்குபற்றினனான்."

அந்தச் சொற்பொழிவின் ஒலி அடங்கிய சில மாதங்களில், சென்ற ஞாயிறு, ஒரு பகல் வண்டியோடிக் கடைப்பக்கம் வந்திருந்த கஜனியின் அழைப்பு வந்தது. நான் அப்போது அவர்கள் வீட்டில் தேநீர் அருந்திக்கொண்டிருந்தேன். அங்கே நல்ல மழையாம். மாடுகள் நலமாம். இரண்டாவது ஊசி போடும் காலம் வந்துவிட்டதாம்.

"ஆனா அப்பா, நீங்கள் பூசின பக்கம் மட்டும் மழைக்குக் கரைஞ்சு விழுந்திட்டுது. தலைவர் கேக்கிறார், உன்ர அப்பா எப்ப வாறார், வந்து பூசட்டும், பிறகு ஊசியைப் பாப்பம் எண்டு."

விநாயகமூர்த்தியார் என்னைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். கைப்பேசியை வாயருகே கொண்டுபோய், நான் அவரிடம் ஒருநாளும் கேட்டிராத சிறிய குரலில் சொன்னார்:

"பிள்ளை, அவருக்குச் சொல்லு, நான் விருந்தாளி எண்டு."

"விருந்தாளி எண்டா அண்டைக்குக் கோட்டைக் கடந்தது என்ன கணக்கப்பா?"

விநாயகமூர்த்தியார் கைப்பேசியை மனைவியிடம் நீட்டினார். ஜெயமலர் அம்மையார் தேநீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

நல்லவேளை, தலைவர் இரக்கமுள்ளவர். அப்பாவுக்கு உடல்நலம் இல்லையென்றால் உறவில் வேறொருவர் வந்தாலும் போதும் என்று ஒரு வழி விட்டிருக்கின்றார். அன்று தொட்டு விநாயகமூர்த்தியார், மண்டபத்திற் கைதட்டியவர்களை ஒவ்வொருவராக அழைத்துக் கேட்டுக்கொண்டிருக்கின்றார். அருள்நாயகத்தாருக்கு முழங்கால். மற்றொருவருக்கு மருமகளின் பிள்ளைப்பேறு. நம் இனத்தின் தொன்மை அசைக்க முடியாதது. அதன் முதுகெலும்புதான் சற்றுத் தேய்ந்திருக்கின்றது.

வாசகரே, நீங்கள் இதுவரை சிரித்தீர்கள், மகிழ்ச்சி. ஆயினும் ஒன்று கேட்கின்றேன். மேலே தீயென்றும் மாடென்றும் சாணமென்றும் வாசித்து வந்தபோது, ஏதோ ஒரு வரியில், அட, இது நம்முடையதல்லவா என்று உங்கள் நெஞ்சு ஒரு கணம் நிமிரவில்லையா? மறைக்க வேண்டாம். நிமிர்ந்திருந்தால், குனிந்து பழகத் தொடங்குங்கள். தலைவரின் மாடுகள் இரண்டாவது ஊசிக்குக் காத்து நிற்கின்றன. உங்கள் தொலைபேசி எண்ணை நான் விநாயகமூர்த்தியாரிடம் கொடுத்துவிட்டேன்.