குறுக்காற்றில் மூழ்கியவர்களின் வாக்கு

நிலைபுரம் என்றொரு நாடு. அந்த நாட்டில் வெயில் அடிக்கும், மழை பெய்யும், தேர்தல் நடக்கும். வேறு எதுவும் நடக்காது. நடக்கக் கூடாது என்பதைத்தான் அவர்கள் தங்கள் சாசனத்தின் முதல் வரியாக எழுதி வைத்திருந்தார்கள்.

அந்த நாட்டுப் பேரவையில் ஒரு வழக்கம். உறுப்பினர் ஒருவர் இறந்துபோனால் அவருடைய நாற்காலியை வெளியே எடுக்க மாட்டார்கள். மகன் ஜெயித்து வந்து முன்னால் உட்காருவார். அப்பாவின் நாற்காலி அவருக்குப் பின்னால் போகும், அதன்மேல் அப்பாவின் துண்டு கிடக்கும். செத்தாலும் பெரியவர் பெரியவர்தானே, அவர் கருத்தைக் கேட்காமல் எப்படி? எனவே ஒவ்வொரு தீர்மானத்திலும் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு வாக்கு உண்டு. வாரிசு தோற்றுவிட்டால் மட்டும் துண்டுகளை மடித்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நம் கதை நடக்கும் காலத்தில் பேரவையில் மூச்சு விடுகிறவர்கள் நாற்பது பேர், துண்டுகள் தொண்ணூற்றிரண்டு.

குறுக்காற்றுத் தொகுதியின் உறுப்பினர் பெயர் குழந்தையப்பர். ஐம்பத்தைந்து வயதிலும் தொகுதியில் அவர் குழந்தைதான், ஏனென்றால் எல்லோரும் அவருடைய அப்பா பொன்னப்பரைப் பார்த்தவர்கள், தாத்தா ஆவுடையப்பரைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள். அந்த இரண்டு பேரின் துண்டுகளும் அவர் முதுகுக்குப் பின்னால் கிடந்தன. நல்ல மனிதர். கல்யாண வீட்டில் கடைசிப் பந்தி வரைக்கும் இருப்பார், சாவு வீட்டில் மனதாரவே அழுவார். பழசு எதையும் தொடக் கூடாது என்பது அவர் கட்சியின் கொள்கை, அவர் வீட்டின் கொள்கையும் அதுவே. தன் சொந்தக் கொள்கை என்ன என்று அவர் யோசித்ததில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

தொகுதியின் நடுவே குறுக்காறு ஓடியது. இக்கரையில் சந்தை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி. அக்கரையில் ஏழு ஊர்கள். நடுவில் பரிசல். பரிசல் துறை மூன்று தலைமுறையாக அப்பர் வீட்டுக் குத்தகை. பாலம் வேண்டும் என்று முதன்முதலில் யாரோ கேட்டபோது ஆவுடையப்பர் எழுந்து, "ஆறு என்று ஒன்று இருக்கும்போது அதற்கு மேலே நடப்பது ஆற்றுக்குச் செய்யும் அவமரியாதை" என்று பேசினார். இரண்டாம் முறை கேட்டபோது பொன்னப்பர் எழுந்து, "என் தகப்பனார் சொன்னதற்கு மேல் சொல்ல எனக்கு என்ன இருக்கிறது?" என்று உட்கார்ந்துவிட்டார். மூன்றாம் முறை கேட்டபோது குழந்தையப்பர் பதவியேற்று நான்கு நாள்தான் ஆகியிருந்தது. பின்னால் இரண்டு துண்டுகளும் 'கூடாது' என்றன. அவரும் கையைத் தூக்கி 'கூடாது' என்றார்.

அதற்குப் பிறகு பரிசல்கள் கவிழ்ந்தன. பேரவை சும்மா இருந்தது என்று சொல்ல முடியாது. முதலில், மதியத்துக்குப் பிறகு யாரும் ஆற்றைக் கடக்கக் கூடாது என்று சட்டம் போட்டது. அதனால் எல்லோரும் காலையிலேயே முண்டியடித்து ஏறினார்கள், பரிசல்கள் இன்னும் அதிகமாகக் கவிழ்ந்தன. அடுத்து, தன் விருப்பத்தின் பேரிலேயே கடப்பதாக ஒவ்வொருவரும் துறையில் கைநாட்டு வைக்க வேண்டும் என்றது. கடைசியில் பொறுமையிழந்து, குறுக்காற்றில் மூழ்குவதையே தடை செய்தது. மீறி மூழ்கியவரின் குடும்பத்துக்கு ஓராண்டு பரிசல் கிடையாது. இவ்வளவு கடுமையான சட்டம் வந்தும் மக்கள் மூழ்குவதை நிறுத்தவில்லையே என்று பேரவை வருத்தப்பட்டது.

அப்படி மீறியவர்களில் ஒருவன் சடையன். மூட்டை சுமப்பவன். அவன் மனைவி அங்காயி ஒரு நாள் காலை குழந்தையப்பரின் வாசலில் வந்து நின்றாள். வருஷத் தடை அவளுக்கு அன்றுதான் முடிந்திருந்தது.

"ஐயா, எங்க வூட்டுக்காரர் போயிட்டாரு. அதப் பத்திப் பேச வரலீங்க. எம் மவ மாசமா இருக்கா. ஐப்பசியில நாளு. ஐப்பசியில ஆறு எப்படி ஓடும்னு உங்களுக்கே தெரியும்."

"முன்னாடியே இக்கரைக்குக் கூட்டியாந்து வச்சிக்கம்மா. நம்ம வீட்டுலயே இருக்கட்டும்."

"இவள வச்சிக்குவீங்க. ஏழு ஊர்ப் பொண்ணுங்களையுமா வச்சிக்குவீங்க?"

சடையனின் சாவுக்கும் குழந்தையப்பர் போயிருந்தார், அங்கேயும் அழுதிருந்தார். தன் அழுகை அந்த வீட்டுக்கு எதற்கும் உதவவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது.

அடுத்த கூட்டத்தொடரில் அவரே பாலத் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். அவை திகைத்தது. ஒரு தொகுதியின் சொந்தக் காரியத்தில் அந்தத் தொகுதி நாற்காலிகளில் எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கமே மற்றவையும் போவது வழக்கம். அவர் கை 'வேண்டும்' என்று உயர்ந்தது, பின்னால் அவைச் சேவகர் இரண்டு துண்டுகளையும் 'கூடாது' என்று உயர்த்தினார். சொந்தத் தீர்மானத்தைச் சொந்த நாற்காலியிலேயே இரண்டுக்கு ஒன்று என்று தோற்ற முதல் உறுப்பினர் அவர்தான்.

அவை கலைந்ததும் மரபுக் காப்பாளர் தேசிகநாதர் அவரைத் தனியே அழைத்தார். பேரவை வழக்கங்களுக்கெல்லாம் அவர்தான் அதிகாரி.

"தாங்கள் இன்று 'வேண்டும்' என்றதைப் பற்றி மனக்கிலேசம் வேண்டாம். தங்கள் ஆயுள் வரைக்கும்தான் அது செல்லும். தங்கள் காலத்துக்குப் பிறகு தங்கள் துண்டு 'கூடாது' என்றே சொல்லும்."

"நான்தான் மாத்திச் சொல்லிட்டேனே?"

"இறந்தவரின் வாக்கு அவர் முதன்முதலில் அளித்த வாக்கே. இடையில் மாறுவதெல்லாம் வயோதிகத் தடுமாற்றம் என்று மரபு கருதுகிறது."

வீட்டுக்கு வந்து குழந்தையப்பர் நெடுநேரம் யோசித்தார். தான் உயிரோடு இருந்தால் பாலம் வராது. செத்தாலும் வராது. ஒரே ஒரு வழிதான் இருந்தது. தோற்க வேண்டும். தோற்றால் துண்டுகள் வீட்டுக்கு வந்துவிடும், தொகுதிக்குப் புதிதாக ஒரு நாற்காலி கிடைக்கும், அதன் பின்னால் யாரும் இருக்க மாட்டார்கள். ஆனால் வாரிசு போட்டியிலிருந்து விலக மரபில் இடமில்லை. எதிர்த்து நிற்கவும் அதுவரை ஆள் இருந்ததில்லை. ஒரே வேட்பாளர் என்றாலும் பெட்டி வைப்பார்கள், ஓட்டுப் போடாதவர்களைப் பரிசலில் ஏற்ற மாட்டார்கள். மூன்று தலைமுறையாக ஜனநாயகம் அப்படித்தான் தழைத்தது.

அடுத்து வந்த தேர்தலில் அங்காயி எதிர்த்து நின்றாள். மகளை இக்கரையில் ஒரு உறவினர் வீட்டில் விட்டுவிட்டு ஏழு ஊருக்கும் நடந்தாள். போன இடமெல்லாம் ஒரே கேள்விதான் கேட்டாள்.

"அவங்க வூட்டுச் செத்தவங்களுக்கு மட்டும் ஓட்டு இருக்குதாமா? நம்ம வூட்டுல செத்தவங்க என்ன, மனுஷங்க இல்லியா? ஆத்துல போனவங்களுக்கும் ஓட்டு வேணும்!"

ஏழு ஊரும் கைநாட்டு வைத்த மனு பேரவைக்கு வந்தது. அவை சிரித்தது. குழந்தையப்பர் சிரிக்கவில்லை. முன்னூறுக்கு மேற்பட்ட மூழ்கியவர்கள், முன்னூறு குடும்பங்கள். அத்தனை பேரும் அங்காயிக்கே போடுவார்கள், தன் தோல்வி உறுதி. அவர் எழுந்தார். வாழ்நாளில் அவ்வளவு நன்றாக அவர் பேசியதில்லை.

"இறந்தவர் சொல்லை மதிப்பதே நம் மரபு. அந்த மரியாதை பேரவைக் கதவோடு நின்றுவிடலாமா? மூழ்கியவர்களுக்கும் வாக்கு வேண்டும்!"

தேசிகநாதர் கண்களை மூடி ஆலோசித்தார். "இறந்தவர்களின் உரிமை பற்றிய பொருளாதலால் இறந்த உறுப்பினர்கள் ஆதரிப்பதே முறை" என்றார். தொண்ணூற்றிரண்டு துண்டுகளும் ஒரே நேரத்தில் உயர்ந்தன. குழந்தையப்பர் கொண்டுவந்து நிறைவேறிய முதல் தீர்மானம் அது. அன்று அவர் இரண்டு கவளம் அதிகமாகச் சாப்பிட்டார்.

அடடா, இருபத்தாறு வருடம் அந்தத் துண்டுகளுக்கு முன்னால் உட்கார்ந்தவருக்குத் தோன்றியிருக்க வேண்டாமா? தேசிகநாதர் வாய்விட்டுச் சொன்ன விதியாவது நினைவுக்கு வந்திருக்க வேண்டாமா? வரவில்லை. நல்லது செய்கிற சந்தோஷத்தில் இருந்தார், பாவம்.

தேர்தலன்று மூழ்கியவர்களின் துண்டுகளையும் முந்தானைகளையும் சுமந்துகொண்டு சாவடிக்கு வரிசை வந்தது. ஓட்டுப் போடும் வயதை எட்டாமலே போன நாற்பத்தாறு குழந்தைகளின் சட்டைகளைத் தேர்தல் அதிகாரி வாசலிலேயே ஒதுக்கிவைத்தார். மற்றவற்றை மேசைமேல் வாங்கி வைத்தார். அங்காயி சடையனின் துண்டை நீட்டி, தன் சின்னத்தைச் சொன்னாள்.

"சின்னத்தைத் தாங்கள் சொல்ல வேண்டியதில்லை" என்றார் அதிகாரி. "இறந்தவரின் வாக்கு அவர் முதன்முதலில் அளித்த வாக்கே. அது எங்கள் ஏட்டில் இருக்கிறது."

ஏட்டைப் புரட்டினார்கள். சடையன் முதல் ஓட்டைப் பொன்னப்பருக்குப் போட்டிருந்தான். அவன் அப்பன் ஆவுடையப்பருக்குப் போட்டிருந்தான். வேறு யாருக்குப் போட்டிருக்க முடியும்? நின்றது அவர்கள் மட்டும்தானே.

உயிரோடு இருந்தவர்களின் வாக்கில் அங்காயி நூற்றுத்தொண்ணூறு முந்தியிருந்தாள். மூழ்கியவர்களில் ஓட்டு இருந்தவர்கள் முன்னூற்றுப் பன்னிரண்டு பேர். ஒருவர் மிச்சமில்லாமல் அப்பர் வீட்டுக்கே போட்டார்கள். நூற்றிருபத்திரண்டு வாக்கில் குழந்தையப்பர் ஜெயித்தார்.

தோற்றவர் ஜெயித்தவருக்கு மாலை போடுவது நிலைபுரத்து வழக்கம். அங்காயி மாலையோடு வந்தாள். அழவில்லை.

"எங்க வூட்டுக்காரர் ஓட்டும் உங்களுக்குத்தான் வுழுந்துச்சுங்க."

"அங்காயி, நான் உனக்குத்தான்…" குழந்தையப்பர் மாலையை வாங்கக் குனியவில்லை. "நீ ஜெயிக்கணும்னுதாம்மா நான் பேசினேன்."

"தெரியுங்க. நல்ல மனசுதான் உங்களுக்கு" என்றாள். "எப்பவும் நல்ல மனசுதான்."

மாலையைப் போட்டுவிட்டுத் துறைக்கு நடந்தாள். அங்கே அவள் மகள் கைக்குழந்தையோடு காத்திருந்தாள். பெண் குழந்தை, பிறந்து பன்னிரண்டு நாள். குழந்தையப்பர் மாலையோடு பின்னாலேயே போனார். ஐப்பசி ஆறு மண் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஏழு பேர் ஏறவேண்டிய பரிசலில் பதினோரு பேர் ஏறினார்கள்.

வாழ்த்த வந்த தேசிகநாதர் அவர் பக்கத்தில் வந்து நின்று ஆற்றைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"தங்கள் தொகுதி மிகவும் பத்திரமான தொகுதி. அந்தப் பரிசலில் இருப்பவர்கள் இன்று தங்களுக்கு எதிராக வாக்களித்திருக்கலாம். ஆனால் முதல் வாக்கு எல்லோருக்கும் தங்கள் குடும்பத்துக்கே. கைக்குழந்தை நீங்கலாகப் பத்து."

பரிசல் நடு ஆற்றில் ஒரு சுற்றுச் சுற்றியது. அங்காயி பேத்தியைத் தூக்கித் தன் மார்போடு வைத்துத் துண்டால் இறுக்கிக் கட்டுவது தெரிந்தது. சடையனின் துண்டு அது.

பரிசல் அக்கரையைத் தொடும்வரை குழந்தையப்பர் அந்த இடத்தை விட்டு அசையவில்லை. வேண்டிக்கொண்டே நின்றார். பிறந்தது முதல் அன்றுதான் அவர் தன் கட்சிக்கு எதிராக ஒன்றை வேண்டினார்.