மாதுளையில் 220

"பூனையே, கூஸ்கூஸ் ஆறிப்போகுதுன்னு அவர்கிட்டச் சொல்லு."

எட்டு நாளாக ஜலீலா கணவரிடம் நேராகப் பேசவில்லை. எல்லாம் பூனை வழியாகத்தான். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் லாமின், மகளின் மாமியார் வீட்டார் முன்னால், "கணக்கைப் பத்தி உனக்கென்ன தெரியும்? போய் டீயைக் கொண்டா" என்று சொல்லித் தொலைத்த வினை.

சமாதானத்துக்கு மல்லிகைச் செண்டு வாங்கி வந்தார். அது பூனையின் கழுத்துக்குப் போயிற்று.

இந்த வீட்டில் இனி அவள் குரல் தன் பக்கம் திரும்பவே திரும்பாதோ என்று அவர் பயந்தார். அப்போதுதான் பழைய ஏடுகளில் சொன்ன ஒரு வித்தை நினைவுக்கு வந்தது. 220ஐ மீதியில்லாமல் வகுக்கிற, அதைவிடச் சிறிய எண்களையெல்லாம் கூட்டினால் 284. 284க்கு அப்படியே செய்தால் 220. ஒன்றின் வயிற்றில் இன்னொன்று. சிறியதை அவளுக்குத் தின்னக் கொடுத்து, பெரியதைத் தான் தின்றால் பிரியம் பிறக்குமாம்.

"சுத்த மூடத்தனம்" என்று முணுமுணுத்தபடியே இரண்டு மாதுளைகளின் தோலில், ஒன்றில் 220, மற்றதில் 284 என்று கத்தியால் கீறினார். 284ஐ ஒரு முத்து விடாமல் தின்றார். 220ஐ அவள் தட்டருகே வைத்தார்.

ஜலீலா பழத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பூனையே, நான் மன்னூபியா வீட்டுக்குப் போறேன்னு சொல்லு."

பழமும் கூடவே போயிற்று.

கொஞ்ச நேரத்தில் அவர் சன்னல் வழியே எட்டிப் பார்த்தார். எதிர்வீட்டு வாசலில் மன்னூபியா. எழுபது வயது விதவை. உதடெல்லாம் மாதுளைச் சிவப்பு.

"வாங்களேன் வாத்தியாரே!" என்று கையசைத்தாள். முப்பது வருடத்தில் அவள் இவ்வளவு இனிமையாகக் கூப்பிட்டதே இல்லை.

லாமினுக்கு வியர்த்தது. வித்தை ஆள் மாறிப் பலித்துவிட்டது! செருப்புகூடப் போடாமல் ஓடினார்.

"துப்பிடுங்க! அது கெட்டுப்போன பழம்!"

"கெட்டதையா பொண்டாட்டிக்குக் கொடுத்தீங்க?"

உள்ளேயிருந்து ஜலீலா வந்தாள். "எனக்கா கெட்ட பழம்?"

ஒன்பதாம் நாள், நேராக அவரிடம், பூனை இல்லாமல்.

லாமின் அவசரமாகச் சொன்னார்: "நல்ல பழம்தான், ஜலீலா. 220, 284ன்னு ஒரு கணக்கு. உனக்குத் தெரியாது. நீ மறுபடி என்கூடப் பேசணும்னுதான்... நான் என் பங்கைத் தின்னுட்டேன், உன் பங்கை இவங்க தின்னுட்டாங்க. இப்ப நான் என்ன பண்றது?"

ஜலீலா முக்காட்டு நுனியால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. சிரிப்பா அழுகையா என்று வாத்தியாருக்கு விளங்கவில்லை.

மன்னூபியாதான் உதட்டைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"நான் தின்னது நாலு முத்து, மிச்சமெல்லாம் இவதான்; ஆனா வாத்தியாரே, நீங்க பொண்ணு பாக்க வந்த அன்னிக்கு உங்க தட்டுல வெச்ச மக்ரூத் பலகாரத்தோட அடியில இவ இதே 220ஐக் கீறிட்டு, இன்னொண்ணுல 284ஐக் கீறித் தானே தின்னாளே, அதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணா வகுத்துக் கூட்டிச் சரிபாத்ததும் இவதானே!"