பயந்து பயந்து துளை போட்டவர்

திண்டுக்கல் மாவட்டத்திலேயே ட்ரில் மிஷினைக் கண்டு அதிகமாகப் பயப்படுகிறவர் யார் என்று ஒரு போட்டி வைத்தால், முதல் பரிசு பேகம்பூர் நில்லு பாய்க்குத்தான். இரண்டாம் பரிசையும் மூன்றாம் பரிசையும்கூட அவருக்கே கொடுத்துவிடலாம். இதில் வேடிக்கை, அந்த மிஷினை வைத்துத்தான் அவர் பிழைத்தார்.

அவருடைய நிஜப் பெயர் எனக்குத் தெரியாது. பத்துப் பன்னிரண்டு வருஷப் பழக்கம்; ஆனாலும் கேட்டதில்லை. மிக மரியாதையான மனிதர். வழியில் படுத்திருக்கும் ஆட்டைக்கூட "செத்த தள்ளிக்கிறீங்களா" என்று கேட்டுவிட்டுத்தான் சைக்கிளைத் திருப்புவார். ஆனால் மிஷின் கைக்கு வந்துவிட்டால் அந்த மரியாதையெல்லாம் எங்கே போகும் என்று தெரியாது. பக்கத்தில் ஒரு நிழல் அசைந்தால் போதும், "நில்லு!" என்று அலறுவார். தாசில்தாராக இருந்தாலும் நில்லு, சொந்த மாமியாராக இருந்தாலும் நில்லு. பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

தொண்ணூறுகளின் நடுவில் நான் பேகம்பூரை ஒட்டி ஒரு வாடகை வீட்டில் இருந்தேன். வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில், ஆட்களின் வருகைக் கணக்கைப் பார்க்கும் டைம் ஆபீஸில் வேலை. விடிந்தும் விடியாமலும் மில் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். திரும்பி வரும்போது தலையில், புருவத்தில், மூக்குக்குள் எல்லாம் பஞ்சு. வாரத்தில் ஆறு நாள் இப்படி. ஏழாவது நாள் ஞாயிறு. சர்ச்சில் காலைப் பூசைக்குப் போய்விட்டு வந்து கறிச்சோறு தின்றுவிட்டுத் தூங்குவதைத் தவிர வாழ்க்கையில் எனக்கு வேறு லட்சியம் கிடையாது.

அந்த லட்சியத்தில் மண் விழுந்தது ஒரு டிவியால். பிள்ளைகள் கைக்கு எட்டாமல் சுவரில் ஸ்டாண்ட் அடித்து அதை உயரத்தில் வைக்க வேண்டும் என்றாள் என் மனைவி புஷ்பம். அடித்துப் பார்த்தேன். வீட்டுக்காரர் என்ன சிமென்டைப் போட்டுக் கட்டினாரோ, ஆணிகளெல்லாம் தூண்டில் முள் மாதிரி வளைந்து என்னைப் பார்த்தே திரும்பின. "பாயக் கூப்பிடுங்க, ஹேமர் ட்ரில் வச்சிருக்காரு. நாலு ஓட்டை, நாலு நிமிஷம்" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். அவர் சொன்ன நாலு நிமிஷத்தை இன்றைக்கும் நான் மன்னிக்கவில்லை.

ஞாயிறு காலை எட்டரைக்கு பாய் வந்தார். கேரியரில் ஒரு மரப்பெட்டி. அதைத் திறந்து, பழைய துண்டில் சுற்றியிருந்த மிஷினை, பிறந்த குழந்தையை வெளியே எடுப்பதுபோல் எடுத்துத் தரையில் வைத்தார். வைத்துவிட்டு இரண்டடி தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

"சார், இந்தச் செவத்துல தண்ணிப் பைப்பு எங்கிட்டு ஓடுது?"

"தெரியலையே பாய்."

"கரண்டு ஒயரு?"

"அதுவும் தெரியாது."

"வீட்டுக்காரரு இருக்காரா?"

வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தேன். அவருக்கும் தெரியவில்லை. பாய் சுவரில் காதை வைத்து, விரல் முட்டியால் அங்குலம் அங்குலமாகத் தட்டினார். டாக்டர் நெஞ்சைத் தட்டுவதுபோல் இருந்தது. "சுவிட்சு போர்டுக்கு நேர் மேலயும் போடக் கூடாது, நேர் கீழயும் போடக் கூடாது. ஒயரு அந்த வழியாத்தேன் ஏறி எறங்கும்" என்று சொல்லி, நான் பென்சிலால் போட்டிருந்த நாலு புள்ளியையும் ஒரு முழம் நகர்த்தினார்.

பிறகு, லுங்கியோடு வந்தவர் கொல்லைப்பக்கம் போய் பேன்ட் மாட்டிக்கொண்டு வந்தார். சட்டையை உள்ளே விட்டார். கைக்கடிகாரத்தைக் கழற்றினார். மூக்குக்கும் வாய்க்கும் சேர்த்து ஒரு துண்டு, கண்ணுக்குத் தடித்த கண்ணாடி, காதுக்குப் பஞ்சு. எங்களுக்கும் ஆளுக்குக் கொஞ்சம் பஞ்சு கொடுத்தார். ஆறு நாள் பஞ்சோடு கிடந்தவனுக்கு ஏழாவது நாளும் பஞ்சு.

மிஷினின் ஒயரைத் தலைப்பிலிருந்து கடைசி வரை, பேன் பார்ப்பதுபோல் விரலால் தடவிப் பார்த்தார். எங்கள் வீட்டு மெயினை அணைத்தார். சுவருக்குள் தெரியாத ஒயர் ஏதாவது இருந்தால் அது செத்துக் கிடக்க வேண்டுமாம். அப்படியானால் மிஷினுக்குக் கரண்ட்? பக்கத்து வீட்டிலிருந்து நீள ஒயர் போட்டு இழுத்தார். நாலு நிமிஷம் என்று சொன்னவர் வீடுதான். எனக்கு அதில் ஒரு சின்ன திருப்தி.

கடைசியாகப் புஷ்பத்தைக் கூப்பிட்டு, இழுத்துவந்த சுவிட்சுப் பெட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினார். "தங்கச்சி, முடிய நல்லா முடிஞ்சுக்கங்க. ஒங்களுக்கு ஒரே வேலதான். கண்ணு மிஷின் மேல, கை சுவிட்சு மேல. நான் ஒரு மாதிரி கத்துனா என்னா ஏதுன்னு கேக்காதீங்க, அமத்திருங்க."

"எப்படிக் கத்துவீங்க பாய்?" என்று அவள் கேட்டாள். பாய் கத்திக் காட்டினார். தெருவில் நாலு பேர் ஓடிவந்தார்கள். அவர்களையும் "நில்லு!" என்று வாசலிலேயே நிறுத்தினார்.

காலை அகட்டி ஊன்றி, பக்கவாட்டுக் கைப்பிடியை இடது கையால் இறுக்கிப் பிடித்து, என்னவோ முணுமுணுத்துவிட்டு பொத்தானை அழுத்தினார். ஒரு துளைக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை. ஆனால் ஒவ்வொரு துளைக்கும் நடுவில் மிஷினின் பிளக்கைப் பிடுங்கி, முனையில் சுழலும் பிட் சூடு ஆறும் வரை எதிரில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வேலை முடிந்தபோது மணி பன்னிரண்டு. பூசை போச்சு. கறி கருகிப் போச்சு. நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கிப்போனேன்.

இவரை ஏன் ஊரே கூப்பிட்டது என்று கேட்பீர்கள். வேறு யாரிடமும் அப்போது மிஷின் கிடையாது. அவ்வளவுதான்.

ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்ததை நான் கண்ணாலேயே பார்த்தேன். வாசலுக்கு மேலே மாலை கட்டக் கொக்கி வேண்டுமென்று கடைசி நேரத்தில் பாயைக் கூப்பிட்டிருந்தார்கள். அவர் ஏணியில் ஏறி நின்ற நேரத்தில் மாப்பிள்ளை ஊர்வலம் வந்துவிட்டது. மேளம், குடை, மாலையோடு மாப்பிள்ளை.

"நில்லு!"

மேளம் நின்றது. வெயில் சுட்டெரிக்கிறது. மாப்பிள்ளையின் தாய்மாமன் முன்னால் வந்தார்.

"ஏலே, மாப்பிள்ளைய நிப்பாட்ட நீ யாருலே?"

"ஓட்டை போடுறவன் அப்பு."

"முகூர்த்தம் போயிரும்யா!"

"முகூர்த்தம் போனா இன்னொண்ணு வரும். கண்ணுல காரை விழுந்து கண்ணு போனா, பொண்ண எதை வச்சுப் பாப்பாரு?"

 மாப்பிள்ளை பத்து நிமிஷம் வெயிலில் நின்று, தூசி அடங்கிய பிறகு, தானே கையால் கண்ணைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார்.

எங்கள் வீட்டுக்கும் வருஷத்துக்கு இரண்டு மூன்று முறை வந்தார். ஒவ்வொரு முறையும் அதே பேன்ட், அதே பஞ்சு, அதே மூன்று மணி நேரம். எதையுமே சுருக்கியதில்லை. புஷ்பம் சொல்லாமலேயே முடியை முடிந்துகொண்டு போய் சுவிட்சு பக்கத்தில் நிற்பாள். நான்தான் வருஷத்துக்கு வருஷம் அலுத்துக்கொண்டே போனேன். மில்லில் ஆள் குறைத்து இரண்டு பேர் வேலையை ஒருவர் தலையில் கட்டியிருந்தார்கள். ஞாயிறு ஒன்றுதான் மிச்சம். அதையும் ஒரு மனிதர் ஒயருக்குப் பேன் பார்த்தே தின்றால்?

இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருஷம் இருக்கும். சமையலறைச் சுவரில் தண்ணீர் சுத்தம் செய்யும் பெட்டி மாட்ட வேண்டியிருந்தது. பாயிடம் சொல்லி அனுப்பினேன். "அடுத்த ஞாயித்துக்கெழம வாரேன்" என்று பதில் வந்தது. அடுத்த ஞாயிறை நினைத்ததுமே எனக்கு உடம்பெல்லாம் வலித்தது. மில்லில் ஒரு ஃபிட்டரிடம் ட்ரில் மிஷினை இரவல் வாங்கி வந்துவிட்டேன். பக்கவாட்டுக் கைப்பிடி எங்கோ தொலைந்துபோயிருந்தது. ஒரு கை போதாதா என்ன!

லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலி மேல் ஏறினேன். "நான் சுவிட்சுகிட்ட நிக்கிறேங்க" என்றாள் புஷ்பம்.

"நீ நாற்காலியப் பிடி, போதும். அந்த பாய்கூடச் சேந்து நீயும் கெட்டுப்போயிட்ட."

 எங்கள் சமையலறை சின்னது. அவள் ஒரு கையால் நாற்காலியைப் பிடித்தாள், இன்னொரு கையை சுவிட்சு போர்டின் மேல் வைத்துக்கொண்டாள்.

பொத்தானை அழுத்தினேன். தொடர்ந்து அழுத்தக் கை வலிக்கிறதே என்று, அது தானே ஓடும்படி பக்கத்திலிருந்த லாக் பொத்தானையும் அமுக்கிவிட்டேன். அரை அங்குலம் வெண்ணெய் மாதிரி இறங்கியது. அப்புறம் உள்ளே ஏதோ கம்பியில் பிட் சிக்கியது. பிட் நின்றுவிட்டது, மிஷின் நிற்கவில்லை. அது தன்னையே முறுக்கிக்கொண்டு சுற்ற, கூடவே என் மணிக்கட்டும் சுற்றியது. "மளுக்" என்று ஒரு சத்தம். நாற்காலி வழுக்க, நான் கீழே, மிஷின் என் மேலே.

விழுந்த வேகத்தில் பிட் சுவரிலிருந்து விடுபட்டுவிட்டது. ஓடிக்கொண்டேயிருந்த மிஷின் என் லுங்கியைப் பற்றிக்கொண்டது. சுருட்டிச் சுருட்டி, லுங்கி வழியாகவே தொடையை நோக்கி ஏறியது. எனக்குக் கத்த வாய் வரவில்லை. அப்போது சத்தம் நின்றது. புஷ்பம் சுவிட்சை அணைத்திருந்தாள். பிட்டுக்கும் என் தொடைக்கும் நடுவில் மூன்று விரல் இடைவெளி.

அதன்பிறகுதான் அவள் அழுதாள். நானும். பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்தபோது லுங்கியில் பாதி மிஷினோடு இருந்தது. மீதியை வைத்து நான் எப்படி மானத்தைக் காத்தேன் என்பதை இங்கே எழுத வேண்டாம்.

மணிக்கட்டில் எலும்பு விலகி மாவுக்கட்டு. மூன்றாம் நாள் நில்லு பாய் வந்தார், கையில் சிறுமலை வாழைப்பழத்தோடு. நான் கண்ணை மூடிக்கொண்டேன். மூன்று மணி நேரப் பிரசங்கம் நிச்சயம்.

அவர் கட்டைப் பார்த்தார். சமையலறைக்குப் போய்ச் சுவரைப் பார்த்தார். மூலையில் கிடந்த மிஷினைப் புரட்டி, கைப்பிடி இல்லாத இடத்தைத் தடவினார். திரும்பி வந்து என் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். 

"தப்பு என்மேலதான் சார்" என்றார்.

"நீங்க என்ன பாய் பண்ணீங்க?"

"இம்புட்டு நேரம் ஆக்கி ஆக்கி ஒங்கள அலுக்க வச்சுட்டேன். அலுத்தவுங்க கையத்தான் மிஷினு கடிக்கும். எனக்குத் தெரியும். தெரிஞ்சும் என்னால வெரசா செய்ய முடியல."

 நான் கேட்டேன்: "ஒங்களுக்கு எப்பவாவது இந்த மாதிரி அடிபட்டிருக்கா?"

"ஒரு கீறல்கூட இல்ல சார்."

"அப்புறம் எதுக்கு அம்புட்டுப் பயம்?"

அவர் என்னை, நான் என்னமோ கணக்குத் தெரியாதவன் என்பதுபோல் பார்த்தார். "பயந்ததாலதான சார் கீறல் இல்ல!"

சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை வந்து அந்தத் துளையைப் போட்டுக் கொடுத்தார். மூன்றே கால் மணி நேரம். நான் கட்டுப்போட்ட கையோடு, காதில் பஞ்சோடு, அலுத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் ஊரில் ஆளுக்கொரு மிஷின் வந்துவிட்டது. பாயைக் கூப்பிடுகிறவர்கள் குறைந்தார்கள். ஒருநாள் டீக்கடையில் டம்ளரைப் பிடித்தபோது தன் விரல் லேசாக நடுங்குவதை அவரே பார்த்திருக்கிறார். வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. அன்றோடு மிஷினைத் தொடுவதை நிறுத்திவிட்டார். விற்றுவிடலாம் என்றுதான் இருந்தார். வாங்க வந்தவர்களையெல்லாம் உட்காரவைத்துக் கேள்வி கேட்டார். ஒருவர் லுங்கி கட்டி வந்தார், வேண்டாம். ஒருவர் வரும்போதே அவசரமாக வந்தார், வேண்டாம். ஒருவர் "எனக்கெல்லாம் பயமே கிடையாது பாய்" என்றார். அவருக்கு டீகூடக் கொடுக்காமல் அனுப்பிவிட்டார். மிஷின் பெட்டிக்குள்ளேயே கிடந்தது.

நாங்கள் கடனை உடனை வாங்கி வேடசந்தூர் ரோட்டில் ஒரு சின்ன வீடு கட்டினோம். பால் காய்ச்சுவதற்குப் பாயைக் கூப்பிடப் போனேன். வாழ்த்துக்கூடச் சொல்லவில்லை அவர். "ஓட்டையெல்லாம் யாரு போடுறா?" என்றுதான் கேட்டார். எலக்ட்ரீஷியன் வருவது எந்தக் கிழமை என்றும் கேட்டுக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் ஏறி வந்துவிட்டார். பேன்ட்டில். எலக்ட்ரீஷியன் ஐம்பது வயது ஆள், வீச்சரிவாள் மாதிரி மீசை. பாய் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, "இந்தச் செவத்துல பைப்பு எங்கிட்டு ஓடுது?" என்று ஆரம்பித்தார்.

"ஏன் பாய், ஒங்களுக்கு வேற வேலையே இல்லையா?" என்றார் மீசைக்காரர்.

"இல்ல அப்பு."

இப்படிப் பதில் சொல்கிறவரோடு எப்படிச் சண்டை போடுவது? மத்தியானத்துக்குள் மீசைக்காரர் காதில் பஞ்சு, கண்ணில் பாயின் கண்ணாடி. புஷ்பம் முடியை முடிந்துகொண்டு சுவிட்சு பக்கத்தில் நின்றாள். காலையில் முடிந்திருக்க வேண்டிய வேலை வெயில் சாய்ந்த பிறகுதான் முடிந்தது. எனக்கு இடுப்பு ஒடிந்துவிட்டது.

மீசைக்காரரிடம் மிஷின் ஒயரைச் சுருட்டி வைக்கச் சொல்லிவிட்டு பாய் எழுந்தார். சட்டையெல்லாம் வெள்ளைத் தூசி. வீட்டைச் சுற்றிலும் ஒரு முறை பார்த்தார்.

"அம்புட்டுத்தானா சார்? இன்னும் எங்கயாச்சும் போடணுமா?"

எல்லாம் ஆகிவிட்டது. போட வேண்டிய இடம் எதுவும் மிச்சமில்லை. நான் கூடத்தில் ஒன்றுமே மாட்டப் போகாத வெறும் சுவர் ஒன்றைக் காட்டி, "இங்கே ஒண்ணு போடணும் பாய். அடுத்த ஞாயித்துக்கிழமை வாங்க" என்றேன்.