கடலுக்கு ரெண்டு பேர்

அன்று காலை நான் ஒரு சபதம் எடுத்தேன். இனி என் வீட்டுப் பேச்சில் ஒரு சொல்கூட எந்தக் கம்பெனிக்காரன் காதிலும் விழக்கூடாது.

காரணம் என் குதிகால். வலிக்கிறது என்று மனைவியிடம் சொன்னேன். அவள் "ம்" என்றாள். பல் தேய்த்துவிட்டு வந்து பார்த்தால், என் போனில் குதிகால் வலிக்கென்றே செய்த செருப்புகள் அணிவகுத்து நிற்கின்றன.

"பாத்தியா? நாம பேசறதையெல்லாம் எவனோ ஒட்டுக் கேக்கறான்."

"நீங்க பேசறதையும் ஒருத்தன் உக்காந்து கேக்கறானேன்னு சந்தோஷப்படுங்க," என்றாள், ஸ்கூட்டர் சாவியைத் தேடிக்கொண்டே.

சுருக்கென்றது. கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க ஊரார் பார்வையைச் சரிசெய்கிறவன் நான். வீட்டில் என்னை ஏறிட்டுப் பார்க்க ஆளில்லை. அவளுக்கு ஆஸ்பத்திரியில் கணக்குப் பிரிவு. சாப்பிடும்போதும் யாராவது கூப்பிட்டுவிடுவார்கள்.

கல்யாணமான புதிதில் ஒருமுறை கடலுக்குப் போனோம். செருப்பை என் கையில் கொடுத்துவிட்டு, முழங்கால் நனைய நின்று, திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு இன்றும் ஏங்குகிறேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், வேறு யாரிடம் சொல்ல? போன வருஷம் ஜாடையாகக் கேட்டும் பார்த்தேன். "கடல் எங்கயும் ஓடிப்போயிடாது" என்றாள். கடல் ஓடாதுதான். எனக்கு வயது ஓடுகிறதே.

சாயங்காலத்துக்குள் சபதம் காற்றில் போய்விட்டது. கம்பெனிக்காரன் அவ்வளவு அக்கறையாகக் கேட்கிறான் என்றால், எனக்காக அவளிடம் தூது போகட்டும். அவள் போனில் கடலாக வந்து கொட்டினால் மனசு மாறாதா?

மறுநாள் முதல், அவள் குளிக்கப் போனதும், சமையலறை மேடையில் சார்ஜில் கிடக்கும் அவள் போன்மீது குனிந்து மந்திரம் ஓதினேன். "கடல்... ரெண்டு பேர்... கடல் தெரியற ரூம்..." ஒருநாள் உணர்ச்சிவசப்பட்டு, "செருப்ப நானே புடிச்சுக்கறேன்" என்றும் சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை துணி மடித்துக்கொண்டிருந்தவள் தானாகவே ஆரம்பித்தாள்.

"சனிக்கிழமை கடலுக்குப் போக ரெண்டு டிக்கெட் போட்டிருக்கேன்."

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. குதிகால் வலிகூட மறந்துபோனது.

"விளம்பரம் வந்துச்சா?"

"என் போன்ல போன் பேசறதுக்குத் தவிர மைக்கை எப்பவோ அடைச்சு வெச்சாச்சு. எந்தக் கம்பெனிக்காரனுக்கும் ஒண்ணும் கேக்காது."

"அப்புறம் எப்படி?"

"குளிக்கற ரூமுக்கும் சமையக்கட்டுக்கும் நடுவுல ஒரே செவுருதான். அவனுக்குக் கேக்கல, எனக்குக் கேட்டுச்சு. தினமும்."

எத்தனை வருஷம் கழித்து என் பேச்சைக் காதில் வாங்கியிருக்கிறாள். "அப்போ நீயும் நானும்..."

"நானும் எங்க அக்காவும். அவ என்கிட்ட நேரா கேட்டா. நீங்க போன்கிட்டதானே கேட்டீங்க? அதையே கூட்டிட்டுப் போயிட்டு வாங்க."

சட்டைப்பையில் என் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன்.

'தனியாகப் பயணம் செய்பவரா? உங்களுக்காகவே சிறப்புத் தள்ளுபடி.'